தரங்கம்பாடி மரபு நடை: 700 ரூபாய்க்கு 400 ஆண்டுகள்

தரங்கம்பாடிக்கு இதற்கு முன் மூன்று முறை சென்றிருக்கிறேன். மூன்று முறையும் டேனிஷ் கோட்டையின் மதிலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, கடற்காற்று வாங்கிவிட்டு, பொறையாற்றில் சாப்பிட்டுத் திரும்பியதோடு சரி. கட்டடங்களைப் பார்த்தேனே தவிர, அவற்றில் குடியிருந்தவர்கள் யார், எதை நம்பி அவ்வளவு தொலைவு வந்தார்கள் என்பதெல்லாம் தெரியாமலே இருந்தது. சென்ற தை மாதம் நான்காம் முறையாகப் போனபோது, தனியார் குழு ஒன்று நடத்தும் காலைநேர மரபு நடையில் என் அத்தானுடன் சேர்ந்துகொண்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவர், எதையும் இரண்டு முறை கேட்டுத் தெளிந்த பிறகே தலையாட்டுபவர். அவருக்குப் பிடித்த நடை எவருக்கும் பிடிக்கும் என்ற கணக்கில்தான் அவரை அழைத்துச் சென்றேன். குழுவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று இளைஞர்கள் கைப்பணம் போட்டு நடத்தும் முயற்சியைப் பெயர் சொல்லிக் குறை கூற எனக்கு மனமில்லை.

கட்டணம் தலைக்கு 700 ரூபாய். வாட்ஸ்அப்பில் முன்பதிவு செய்து, பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். காலை 7 மணிக்கு ஊரின் நுழைவாயிலான ‘லாண்ட்போர்டன்’ அருகில் கூடச் சொல்கிறார்கள். மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு கோட்டைக்குள் முடிக்கிறார்கள். நடுவில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை 15 பேர் இருந்தோம். பின்னால் நின்றவர்களுக்கு, அதிலும் கடலோரத்தில், பாதி வாக்கியங்கள் காற்றோடு போயின. வழிகாட்டி ஓர் ஒலிபெருக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது நல்லது என்று முடிவில் அவரிடமே சொன்னேன். ‘அடுத்த மாசம் வாங்கிடுவோம் சார்’ என்றார்.

வழிகாட்டிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆண்டுகளை அடுக்கி மனப்பாடமாக ஒப்பிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை; ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கே நடந்த ஒரே ஒரு கதையைச் சொல்லிவிட்டு நகர்கிறார். இந்த நடையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. கதை பலமானதாக இருக்குமிடத்தில் நடை மிக உயர்கிறது. சுற்றுலாத் துண்டறிக்கையின் வாசகத்தை நம்பிப் பேசுமிடத்தில் சட்டென்று தாழ்ந்துவிடுகிறது.

தொடக்கமே தாழ்வுதான். நுழைவாயிலில் நின்று, ‘தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர்’ என்றார். அத்தான் உடனே கையை உயர்த்திவிட்டார். ‘தம்பி, தரங்கம் அலைதான், ஒத்துக்கறேன். ஆனா வியாசர்பாடியில யார் பாடுறா?’ என்று அவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழைய சொல்; தமிழ்நாடு முழுவதும் ஊர்ப்பெயர்களின் கடைசியில் அது உட்கார்ந்திருக்கிறது. கடலோரத்து மாசிலாமணி நாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிப்பிடுகிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே பட்டினம் என்று பெயர் பெற்ற ஊர் இது என்பது, பாடும் அலைகளைவிடச் சுவையான செய்தி. வழிகாட்டி அதைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, ‘ஐயா சொல்றதையும் இனி சேத்துச் சொல்றேன்’ என்றது எனக்குப் பிடித்திருந்தது.

வாயிலைப் பற்றி அவர் சொன்னது சுருக்கம், அதுவே போதும். இப்போது நிற்பது 1792ஆம் ஆண்டு கட்டியது, வெள்ளைச் சுண்ணாம்பும் மரக்கதவும் மேலே டென்மார்க் அரசரின் முத்திரையுமாக நிற்கிறது. அதைக் கடந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகிறது. இருபுறமும் தேவாலயங்கள், ஆளுநர் மாளிகை, தூண் வைத்த வீடுகள். பேருந்தும் ஹாரன் சத்தமும் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. காலை 7 மணிக்கு அந்தத் தெருவில் ஒரு பெண்மணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார், இரண்டு ஆடுகள் ஆளுநர் மாளிகையின் சுற்றுச்சுவர் நிழலில் படுத்திருந்தன.

புது எருசலேம் ஆலயத்தின் முன் நடை சூடுபிடித்தது. 1718ஆம் ஆண்டு கட்டிய இந்த ஆலயத்தின் பலிபீடத்தருகே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, புளுட்சோ என்ற தோழருடன் இங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி அவர்; 1719இல் இறந்தபோது வயது 36தான். அவருடைய அச்சுப்பணியைப் பற்றி நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வழிகாட்டி அதை ஒதுக்கிவிட்டு, அவர் சிறை சென்ற கதையை எடுத்தார். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, அவர் பட்ட கடனுக்காக அவருடைய மனைவி நெருக்கடிக்கு ஆளாகிறார். கேட்பவரோ, இங்கே ஆட்சி நடத்திய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். அந்தக் கைம்பெண்ணுக்காக சீகன்பால்கு பரிந்து பேசப் போக, ஏற்கெனவே மிஷனரிகளைக் கண்டால் ஆகாத கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரையே பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். அரசர் அனுப்பிய ஆளை, அரசரின் கோட்டையிலேயே, அரசரின் தளபதி நான்கு மாதம் பூட்டி வைத்தார்! கோபன்ஹேகனில் போடும் கையெழுத்துக்கு இங்கே என்ன மரியாதை என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் விளக்க முடியாது.

அச்சுப்பொறி வந்த கதையும் குறைந்ததன்று. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் 1711இல் ஒரு பொறியை ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளியுடன் கப்பலேற்றி அனுப்பியது. அந்தக் கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. சரக்குகளுக்கு அடியில் கிடந்த பொறி அவர்கள் கண்ணில் படாமல் தப்பிப் பயணத்தைத் தொடர்ந்தது. ஃபிங்க் வழியிலேயே இறந்துவிட்டார். ஆளில்லாமல் பொறி மட்டும் 1712இல் வந்து சேர, கம்பெனிச் சிப்பாய்களிடையே அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு மறு ஆண்டு வந்தன. அவை அளவில் பெரியவை. காகிதமோ கடல் கடந்து வர வேண்டியது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கித்தான் அவற்றை வார்த்தார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. காகிதத்துக்குப் பொறையாற்றில் ஓர் ஆலையும் அமைத்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

இங்கே வழிகாட்டி செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். ‘தமிழின் முதல் அச்சுப் புத்தகம் பிறந்த மண்’ என்று அவர் பெருமையோடு அறிவித்தார். அது சரியன்று. கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. சீகன்பால்கு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால். தரங்கம்பாடிக்கு உரிய பெருமை, தமிழ் நூல்களை இடைவிடாமல் அச்சிட்ட ஓர் அச்சகத்தையும் அதற்கான காகித ஆலையையும் ஒரே இடத்தில் நிலைநிறுத்தியது. ‘முதல்’ என்ற சொல் கிடைக்காவிட்டால் எந்த ஊரையும் யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்று நம் சுற்றுலாத் துறையினர் நினைக்கிறார்கள் போலும்.

ஆனால் அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொரு செய்தி அந்தத் தவற்றை மறக்கச் செய்தது. தமிழை மண்ணில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்ட சீகன்பால்கு, ஓலைச்சுவடிகளைத் திரட்டி, இங்குள்ள மக்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூலை ஜெர்மன் மொழியில் எழுதி 1713இல் ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கிருந்த அவருடைய குருவான ஃபிராங்கே, மிஷனரிகளை அனுப்பியது அந்த வழிபாடுகளை ஒழிப்பதற்கு, ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்று சொல்லி அச்சிட மறுத்துவிட்டார். கையெழுத்துப் பிரதி ஒன்றரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அய்யனார், மாரியம்மன், பிடாரி ஆகியோரைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியார் ஒருவர் கேட்டு எழுதி வைத்த விவரங்கள் இன்று ஆய்வாளர்களுக்குப் பொன்னாக இருக்கின்றன. மதம் மாற்ற வந்தவர் எழுதிய குறிப்பு, மாற்ற நினைத்த மதத்தின் வரலாற்றுக்கே சான்றாகிவிட்ட இந்த விசித்திரத்தை வழிகாட்டி எந்தப் பக்கமும் சாயாமல் சொன்னார். 15 பேர் கொண்ட கூட்டத்தில் அது எளிதன்று.

அடுத்த அரை மணி நேரம் வீண். கடற்கரையில் நிறுத்தி, இங்கே ஓசோன் காற்று மிகுதி, மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்றார்கள். இந்த ஊரைப் பற்றிய எல்லா அறிமுகங்களிலும் இந்த ஓசோன் வந்துவிடுகிறது. தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். நல்லவேளையாக நாம் முகர்வது அதையன்று. கடலின் மணத்துக்குப் பெரும் பங்கு காரணம் நுண்பாசிகளிலிருந்து வெளிவரும் கந்தகச் சேர்மம் ஒன்று. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் கடற்கரைக் காற்றுக்கு ஓசோன் என்று பெயர் சூட்டி உடல்நலம் தேடுவோரை அனுப்பிய காலத்து நம்பிக்கை அது. காலனியக் காலம் விட்டுச்சென்ற எச்சங்களில் இதுவும் ஒன்று என்று சொல்லியிருந்தால் அந்த அரை மணியும் பயன்பட்டிருக்கும்.

மாசிலாமணி நாதர் கோயிலை அவசரமாகக் காட்டிவிட்டு நகர்ந்ததும் வருத்தமே. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கருங்கற்களைக் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். டேனிஷ் ஆட்சிக்கு முந்தைய ஊரின் ஒரே நேரடிச் சாட்சி அது. அங்கு இரண்டு நிமிடம்கூட நிற்கவிடாமல் ‘கோட்டை திறந்தாச்சு’ என்று அழைத்துப் போனார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்த கதையையும் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். அன்றைக்கு இவர் பள்ளிப் பிள்ளையாக இங்கேயே இருந்திருக்கிறார் என்று பின்னர் தெரிந்தபோது, ஒரே வாக்கியம் ஏன் என்று புரிந்தது. அதன் பிறகு கேட்கவில்லை.

டான்ஸ்போர்க் கோட்டைக்குள் கழிந்த கடைசி ஐம்பது நிமிடம்தான் நான் இந்த மதிப்புரையை எழுதக் காரணம். 700 ரூபாயில் 600 ரூபாய் அதற்கே சேரும். தென்னந்தோப்பில்லாத வெட்டவெளியில், மஞ்சள் சுவரும் மேலே ஒட்டகத் திமில் போன்ற குவிமாடங்களுமாகக் கோட்டை நிற்கிறது. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும், மேல்தளத்தில் தளபதியின் இருப்பிடமும். தொல்லியல் துறை 1978இல் ஏற்கும்வரை இது பயணியர் விடுதியாக இருந்தது; அந்நாளில் இங்கு இரவு தங்கிய அரசு ஊழியர்களின் நினைவுகளை யாராவது தொகுத்தால் அதுவே தனி நூலாகும்.

கீழ்த்தளக் கிடங்கில், சுவரில் கை வைத்தால் உப்பு ஒட்டும் ஓர் அறையில், எங்களைத் தரையில் உட்காரச் சொல்லி வழிகாட்டி கதையைத் தொடங்கினார். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வரக் கிளம்பியவர்கள் அல்லர். கண்டி அரசரின் தூதன் என்று சொல்லிக்கொண்டு மார்செலிஸ் டி போஷோவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகன் அரண்மனைக்குப் போனார். போர்ச்சுகீசியருக்கு எதிராக உதவி செய்தால் இலங்கை வணிகம் உங்களுக்கே என்று அவர் காட்டிய ஆசையை நம்பி, மன்னர் நான்காம் கிறிஸ்டியான் 1618இல் ஒரு கப்பற்படையை அனுப்பினார். தலைவர் ஓவே கெட்டேவுக்கு வயது 24 நிரம்பவில்லை. வழியில் நோயும் சாவும்; போஷோவரும் கடலிலேயே இறந்துபோனார். 1620இல் இலங்கையை அடைந்து பார்த்தால், கண்டி அரசர் அதற்குள் போர்ச்சுகீசியருடன் சமாதானம் செய்துகொண்டிருந்தார். தன் பெயரில் போஷோவர் செய்த ஒப்பந்தத்தைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று கைவிரித்துவிட்டார். பத்திரத்தில் கையெழுத்திட்டவர் செத்துவிட்டார், பத்திரமோ செல்லாது.

முன்கூட்டியே அனுப்பப்பட்ட ஒரேசுண்ட் என்ற கப்பலைப் போர்ச்சுகீசியர்கள் காரைக்கால் அருகே தாக்கி மூழ்கடித்தார்கள். பிடிபட்டவர்களில் இருவரின் தலைகள் எச்சரிக்கையாகக் கடற்கரையில் கழியில் குத்தி நிறுத்தப்பட்டன. வணிகத் தலைவர் ரோலண்டு கிராப்பேயும் 13 பேரும் நீந்திக் கரையேறிப் பிடிபட்டு, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் முன் நிறுத்தப்பட்டார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த அந்தக் கைதிதான் பேச்சுவார்த்தையைத் தொடங்கி வைத்தார். நாயக்கருக்கும் போர்ச்சுகீசியர் அல்லாத ஒரு வணிகக் கூட்டம் வேண்டியிருந்தது. 1620 நவம்பரில் ஒப்பந்தமாகி இந்தக் கோட்டை எழும்பத் தொடங்கியது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதித் தெலுங்கில் கையொப்பமிட்டார். அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வழிகாட்டி அதன் படத்தை பிளாஸ்டிக் உறையிட்டுக் கொண்டு வந்திருந்தார். அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி ஐந்து நிமிடம் படிக்க முயன்றார். இரண்டு சொற்களுக்கு மேல் பிடிபடவில்லை. ஆனாலும் அதைத் திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை.

ஐஸ்லாந்துக்காரர் ஒருவரும் இந்தக் கோட்டையில் காவலிருந்திருக்கிறார். யோன் ஓலாப்சன் என்ற அந்தப் பீரங்கிச் சிப்பாய் 1622இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர். வெடிமருந்து விபத்தில் படுகாயமடைந்து ஊர் திரும்பி, முதுமையில், 1661இல், தன் வாழ்க்கையை ஐஸ்லாந்து மொழியில் எழுதி வைத்தார். பனிநாட்டுக் குடிசையில் உட்கார்ந்து சோழ நாட்டுக் கடற்கரையை நினைவுகூர்ந்த அந்த மனிதரை, அவருடைய நாட்டார் இன்றும் ‘இந்தியா போய்வந்தவர்’ என்றே அடைமொழியிட்டு அழைக்கிறார்கள். துபாய்க்குப் போய்வந்தவர்களை ‘துபாய்க்காரர்’ என்று நம் ஊர்களில் அழைப்பது போலத்தான்.

இனி வருவதுதான் நடையின் உச்சம். முதல் டேனிஷ் கம்பெனி நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1639இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட இரண்டு கப்பல்களில் ஒன்றில் வந்த வில்லெம் லேயல், கேனரித் தீவுகளில் நெடுநாள் முடக்கப்பட்டு, 1643இல்தான் இங்கு சேர்ந்தார். கணக்குக் கேட்க வந்த அவரை, இங்கே தளபதியாக இருந்த பெர்ன்ட் பெசார்ட் உள்ளே விடவில்லை; ஆகவே டென்மார்க் அரசரின் ஆணையோடு வந்தவர், டென்மார்க் கொடி பறந்த கோட்டையையே முற்றுகையிட்டுப் பிடிக்க வேண்டியதாயிற்று. பணம் இல்லை, வணிகச் சரக்கும் இல்லை. வங்காள விரிகுடாவில் முகலாய நாட்டுக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடிப்பதே வருமானம் என்று ஆனது. அதற்கு நியாயமாக முகலாயப் பேரரசின் மீது போர் அறிவித்திருந்தார்கள். ஒரு மீனவ ஊரளவு நிலத்தை வைத்திருந்த கூட்டம் டெல்லியின் மீது அறிவித்த அந்தப் போர், ஔரங்கசீப் காலத்தையும் தொட்டு, 1698இல்தான் முடிவுக்கு வந்தது. டெல்லிக்கு அப்படி ஒரு போர் நடப்பது தெரிந்திருக்குமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வழிகாட்டி சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

1648இல் லேயலை அவருடைய ஆட்களே கலகம் செய்து கீழிறக்கினார்கள். 1650இல் கோபன்ஹேகனில் கம்பெனி கலைக்கப்பட்டது. இங்கிருந்தவர்களை அழைத்துவர யாரும் வரவில்லை. லேயலுக்குப் பின் தலைவரான பவுல் ஹான்சன் கோர்சோர் 1655இல் இறந்தார். எஞ்சியவர்களில் பதவிக்குரியவர் என்று எவரும் இல்லை. எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற சாதாரண ஆள், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்படுபவர், தானாகவே கோட்டைத் தலைவரானார். காலப்போக்கில் டேனிஷ்காரர் என்று அவர் ஒருவரே மிஞ்சினார். வாடகை பாக்கிக்காக நாயக்கர் படை வந்து சூழ்ந்தபோது உள்ளூர் ஆட்களை வைத்தே தாக்குப்பிடித்தார்; கடலில் பிடித்த கப்பல்களின் சரக்கை விற்ற பணத்தில் கோட்டையைச் செப்பனிட்டு, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். நாடு தன்னை மறந்துவிட்டது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த நாட்டின் கொடியைப் பதினான்கு ஆண்டுகள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். 1669 மே மாதத்தில் ஃபேரோ என்ற கப்பல் அடிவானத்தில் தோன்றியது. கோட்டை இன்னும் தங்களுடையதாக இருப்பதைக் கண்டு வந்தவர்கள்தாம் வியந்தார்கள். கொங்ஸ்பக்கேயை முறைப்படி ஆளுநராக அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் வழிகாட்டி எங்களை மேல்தளத்துக்கு ஏறச் சொல்லி, கடலைப் பார்க்க நிற்கவைத்து, ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் இருந்தார். நாடகத்தனமான உத்திதான். ஆனாலும் வெயில் சுடும் அந்தத் தளத்தில் 15 பேரில் ஒருவர்கூடச் செல்பேசியை எடுக்கவில்லை.

பிந்தைய வரலாற்றைப் படி இறங்கும்போதே முடித்துவிட்டார்கள், அது குறை. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் ஆங்கிலக் கம்பெனிக்கு டென்மார்க் 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றதை மட்டும் சொன்னார். விற்ற பிறகு தஞ்சாவூர் மாவட்டத் தலைமையிடமாகவே 15 ஆண்டுகள் இவ்வூர் இருந்ததையும், 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து துறைமுக வணிகம் அங்கே போனதையும், தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்துக்குப் போகும் முன் இங்கே முன்சீப்பாக இருந்ததையும் சேர்த்திருக்கலாம். 1926இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் விட்டு, 1986இல் நிறுத்திவிட்டார்கள்; ரயிலில் வந்திறங்கிய நினைவுள்ளவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். கப்பலுக்காகக் காத்திருந்தவரின் கதையை அவ்வளவு உருக்கமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, ரயிலுக்காகக் காத்திருக்கும் ஊரின் கதை கண்ணில் படாதது வியப்பு. மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் தில்லையாடிக்கு, தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பூர்வீக ஊர் என்பதற்காக, காந்தி 1915இல் வந்து சென்றதும் நடையில் இடம்பெறவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வார நாளில் போனால் கூட்டம் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கடற்கரைப் பகுதியில் நிழல் என்பதே இல்லை. முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் கோட்டைப் படிகள் சிரமம் தரும், ஆனால் கீழ்த்தளக் கதைகள்தாம் முக்கியம் என்பதால் அவர்களும் தாராளமாக வரலாம். அச்சிட்டுத் தரும் வரைபடத்தில் ஓரிடத்தில் டேனிஷ் என்பதற்குப் பதில் டச்சு என்று இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். முன்பணம் அனுப்பிய பிறகு உறுதிச்செய்தி வர இரண்டு நாள் ஆனது, நான் இருமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை தருவேன். கோட்டைப் பகுதிக்கு மட்டும் என்றால் ஐந்தும் தருவேன்.

நடை முடிந்ததும் குழு கலைந்தது. நாங்கள் இருவரும் மீன் விற்கும் பக்கமாக நடந்தோம். இங்கே 1771 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி, மீனவர் வலையில் வந்த மீன்களைப் பாதுகாத்துப் பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் புளோக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்காக ஒரு மீன் பேரினத்துக்கே புளோக் ‘ஜோனியஸ்’ என்று 1793இல் பெயரிட்டார். நம் கத்தாளை வகை மீன்கள்தாம் அவை. இதை நான் அத்தானிடம் சொல்லிக்கொண்டே, சாக்கு விரிப்பில் வெள்ளியாக மின்னிய ஒரு கூறு கத்தாளையைக் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்ற அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

‘என்னா சார், பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? கூறு நூறு ரூவா. எடுக்குறதுன்னா எடுங்க, வெயில் ஏறுது.’

அத்தான் இரண்டு கூறு எடுத்தார்.